ஃபுல் சஸ்பென்ஷன் மவுண்டன் பைக் எடுக்கப் போறீங்களா? அடிக்கடி கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

பைக் எடுக்கப் போறேன்னு சொல்ற எல்லாரும் கிட்டத்தட்ட இதே கேள்விகளத்தான் கேக்குறாங்க, நானும் ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் பேசிட்டு முக்கியமான ஒண்ண சொல்ல மறந்துடுறேன், அதான் மொத்தமா எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்னப் பத்தி ரெண்டு வரி: உயரம் 172 சென்டிமீட்டர், ஹெல்மெட் ஷூ தண்ணிப் பை எல்லாம் மாட்டின எடை 74 கிலோ, ஏத்தத்துல பொறுமையா போற ஆளு, இறக்கத்துல சுமாரான வேகம், பெரிய ஜம்ப்னா பயம். இத எதுக்கு முதல்லயே சொல்றேன்னு கீழ படிக்கும்போது புரியும்.

எனக்கு ஃபுல் சஸ்பென்ஷன் தேவையா? ஹார்ட்டெயில் போதாதா?

ஃபுல் சஸ்பென்ஷன்னா முன் சக்கரத்துக்கு ஃபோர்க், பின் சக்கரத்துக்கு ஷாக்னு ரெண்டு பக்கமும் அதிர்வு தாங்கி, ஹார்ட்டெயில்னா முன்னாடி ஃபோர்க் மட்டும். பாதையப் பாருங்க, ஆசையப் பாக்காதீங்க. மண் ரோடு, வழுவழுன்னு போற ஒத்தையடிப் பாதை, நடுவுல எப்பவாவது ரெண்டு கல்லு, இதுதான் உங்க ஞாயித்துக்கிழமைன்னா ஹார்ட்டெயில் தாராளமா போதும். அதே காசுக்கு நல்ல ஃபோர்க்கும் நல்ல பிரேக்கும் கிடைக்கும், பின்னாடி பேரிங் மாத்துற வேலையும் கிடையாது.

வேரும் பாறையும் விடாம வர்ற இறக்கம்னா கதை வேற. ஹார்ட்டெயில்ல பின் சக்கரம் எகிறி எகிறி விழும், டயர் தரையில இல்லாத அந்த நொடியில உங்களுக்கு பிரேக்கும் கிடையாது கிரிப்பும் கிடையாது. சஸ்பென்ஷன்னா சொகுசுக்குன்னு நெறைய பேரு நெனைக்கறாங்க. சொகுசு ரெண்டாவது, டயர தரையோட ஒட்ட வச்சிருக்கறதுதான் அதோட முதல் வேலை, அதனாலதான் கல்லு நெறைஞ்ச செங்குத்தான ஏத்தத்துலயும் ஃபுல் சஸ் பைக் சில சமயம் ஹார்ட்டெயில விட ஈஸியா ஏறிடும்.

முதுகு வலிக்குது அதனால ஃபுல் சஸ் வேணும்னு சொன்னா அதுவும் நியாயமான காரணம்தான், யாருகிட்டயும் கூச்சப்பட வேண்டியதில்ல.

டிராவல் எவ்வளவு எடுக்கறது? 120ஆ, 140ஆ, 160ஆ?

டிராவல்னா சக்கரம் மேல கீழ நகர்ற தூரம். பொதுவா 100லேர்ந்து 120 எம்எம் வரைக்கும் கிராஸ் கன்ட்ரி, 120லேர்ந்து 150 வரைக்கும் டிரெயில், 150லேர்ந்து 180 வரைக்கும் எண்டூரோ (கரடுமுரடான இறக்கத்துக்கு, ஆனா மிதிச்சு ஏறவும் முடியும்), 200 பக்கம் போனா டவுன்ஹில் (இறங்க மட்டும்). கோடு போட்டுப் பிரிச்ச மாதிரி இல்ல, ஒண்ணு மேல ஒண்ணு ஏறித்தான் இருக்கும்.

இதுல நான் வாங்கின அடியச் சொல்றேன். முதல் ஃபுல் சஸ் எடுக்கும்போது கூட ஓட்டுன அத்தனை பேரும் "160 எடு, பின்னாடி வருத்தப்பட மாட்ட"ன்னாங்க. எடுத்தேன். நல்ல பைக், ஒரு குறையும் சொல்ல முடியாது, ஆனா நான் வாரா வாரம் ஓட்டுற பாதையில அந்த 160ல பாதியக் கூட நான் தொட்டதில்ல, சின்ன சின்ன மேடு பள்ளம் எல்லாத்தையும் அது மொத்தமா முழுங்கிடும், பாதையில ஒண்ணுமே நடக்காத மாதிரி ஒரு மந்தமான ஓட்டம், ஏத்தத்துல மட்டும் 16 கிலோவும் நல்லா தெரியும். ஒன்றரை வருஷத்துல வித்துட்டு 140 எடுத்தேன். அப்படி சொன்னவங்க யாரும் பொய் சொல்லல, அவங்க லிஃப்ட்ல மேல ஏறி கீழ இறங்குற பைக் பார்க்குக்கு மாசம் ரெண்டு தடவ போறவங்க, நான் போறதில்ல, அவ்வளவுதான். அவங்க எங்க ஓட்டுறாங்கன்னு நான் ஒரு வார்த்த கேட்டிருக்கணும்.

ரெண்டு நம்பருக்கு நடுவுல மாட்டிக்கிட்டா நீங்க வருஷத்துக்கு ஒரு தடவ போற பயங்கரமான இடத்துக்காக எடுக்காதீங்க, வாரா வாரம் போற இடத்துக்காக எடுங்க.

ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. யார் சொல்றத நம்பறது?

இதுக்குத்தான் நான் இவ்வளவும் எழுதறேன்.

ஒரே பைக். ஒருத்தர் "அருமையா ஏறுது"ன்றாரு, இன்னொருத்தர் "சரியான சோம்பேறி பைக்"ன்றாரு. ரெண்டு பேரும் உண்மையத்தான் சொல்றாங்க. முதல் ஆளு 17 கிலோ எண்டூரோ பைக்லேர்ந்து இதுக்கு வந்தவரு, ரெண்டாவது ஆளு 11 கிலோ கிராஸ் கன்ட்ரி ரேஸ் பைக்லேர்ந்து வந்தவரு. அவங்க சொல்றது இந்த பைக்கப் பத்தி இல்ல, பழைய பைக்குக்கும் இதுக்கும் நடுவுல இருக்கற தூரத்தப் பத்தி. அதனால யாரு என்ன சொன்னாலும் திருப்பிக் கேளுங்க: இதுக்கு முன்னாடி என்ன ஓட்டுனீங்க, எடை எவ்வளவு, எந்த மாதிரி பாதை, எத்தன மாசமா ஓட்டுறீங்க, ஸாக் (உக்காந்ததும் சஸ்பென்ஷன் உள்ள போற அளவு, கீழ விவரமா சொல்றேன்) எவ்வளவு வச்சிருக்கீங்க. கடைசிக் கேள்விக்கு "அப்படின்னா?"ன்னு பதில் வந்தா அந்தக் கருத்த மரியாதையா கேட்டுட்டு ஓரமா வச்சிடுங்க.

அப்புறம் இன்னொண்ணு. ரெண்டு வகையான குறை இருக்கு. "மெயின் பிவட் பேரிங் எட்டு மாசத்துல போச்சு", "கேபிள் உரசி ஃப்ரேம் பெயின்ட் போகுது", "ஷாக் போல்ட் லூஸ் ஆகிட்டே இருக்கு", "பாட்டம் பிராக்கெட் கிரீச் கிரீச்னு கத்துது", இதெல்லாம் பொருளப் பத்தின குறை (பிவட்னா பின்பக்கம் அசையற மூட்டு, பாட்டம் பிராக்கெட்னா பெடல் அச்சு சுத்துற இடம்), ஓட்டுறவர் எடையோ ரசனையோ இதுல பெருசா வராது, நாலு பேரு தனித்தனியா இதையே சொன்னா நிச்சயமா காது குடுக்கணும். "லைவ்லியா இல்ல", "நெர்வஸா இருக்கு", "உயிரோட்டம் கம்மி", இதெல்லாம் உணர்வு, இது பாதி பைக், பாதி சொல்றவரு. முதல் வகைய எண்ணிப் பாருங்க, ரெண்டாவது வகைய யார் சொன்னதுன்னு பாருங்க.

பாராட்டுக்கு கொஞ்சம் தள்ளுபடி போட்டுக்கோங்க. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, சேத்து வச்ச காச மொத்தமா போட்டு எடுத்தவரு மூணாவது வாரத்துல குறை சொல்ல மாட்டாரு. வித்துட்டுப் போனவர்கிட்ட பேசுங்க, அவர் சொல்றதுல விஷயம் இருக்கும்.

உங்க ரசனை என்னன்னு தெரிஞ்ச ஒரே ஒரு ஆளு கிடைச்சா போதும், பத்து பேரு வேண்டாம். எனக்கு அப்படி ஒருத்தர் இருக்காரு, ரசனை எனக்கு நேர் எதிர். அவர் "இது ரொம்ப துள்ளுது, எனக்குப் புடிக்கல"ன்னு சொன்னா நான் உடனே போய் அத ஓட்டிப் பாப்பேன். இதுவரைக்கும் ஏமாந்ததில்ல.

"இந்த பைக் சரியில்ல, பாறை மேல போனா கை கால் எல்லாம் உதறுது"ன்னு ஒருத்தர் சொன்னாரு, அத எடுக்கலாமா?

எனக்கு இதே மாதிரி ஒண்ணு நேர்ல நடந்துச்சு. கூட ஓட்டுற நண்பர் ஒருத்தர், 160 எம்எம் பைக், எடுத்து நாலு மாசம், வித்துடப் போறேன்னாரு. இறக்கத்துல தடதடன்னு அடிக்குது, ஏத்தத்துல பெடல் பாறையில இடிக்குது, டிசைனே தப்புன்னாரு. பைக்க சுவத்துல சாச்சு அவர ஏறி உக்கார வச்சேன், ஷாக் மேல இருக்கற சின்ன ரப்பர் ஓ ரிங்க சீலோட ஒட்டித் தள்ளிவிட்டு மெதுவா இறங்கச் சொன்னேன். ரிங் 27 எம்எம் தள்ளி நின்னுச்சு. அந்த ஷாக்கோட மொத்த ஸ்ட்ரோக், அதாவது அது உள்ள போகக்கூடிய தூரம், 65 எம்எம். சும்மா உக்காந்ததுக்கே 40 சதவீதத்துக்கு மேல உள்ள போயிடுச்சு. அவர் எடை 92 கிலோ, கடையில யாரோ 150 பிஎஸ்ஐ அடிச்சு அனுப்பியிருக்காங்க, அதுக்கப்புறம் யாரும் மறுபடி காத்து ஏத்தல.

அதோட ரீபவுண்ட் குமிழ், அதாவது உள்ள போன ஷாக் திரும்பி வெளிய வர்ற வேகத்த மாத்துற குமிழ், முழுசா மூடி இருந்துச்சு. அப்படின்னா ஒரு வேர்ல அடிச்சு உள்ள போன ஷாக் அடுத்த வேர் வர்றதுக்குள்ள திரும்பி வெளிய வராது, மூணாவது வேர்ல இன்னும் உள்ள போகும், அஞ்சாவதுல மிச்சம் டிராவலே இருக்காது, மரக்கட்ட மேல உக்காந்த மாதிரி அடிக்கும். ஓட்டுறவரு "ரொம்ப ஹார்டா இருக்கு"ன்னு நெனச்சு காத்த இன்னும் கொறைப்பாரு, இன்னும் மோசமாகும். அவரும் நடுவுல ஒரு தடவ கொறைச்சிருக்காரு.

210 பக்கம் காத்து ஏத்தி, ரீபவுண்ட நாலஞ்சு கிளிக் திறந்து விட்டோம். பெடல் இடிக்கறது நின்னுச்சு, ஏன்னா பைக் இப்ப அதோட உயரத்துல நிக்குது. அவர் இன்னும் அதே பைக்தான் ஓட்டுறாரு. ஆனா அந்த நாலு மாசத்துல அவர் எத்தன பேருகிட்ட "அத வாங்காதீங்க"ன்னு சொல்லியிருப்பாரோ தெரியல, அவங்க பாதிப் பேரு இன்னைக்கும் அதையே அடுத்தவங்களுக்கு சொல்லிட்டிருப்பாங்க.

ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்னு சிரிக்க வேண்டாம், அந்த காத்து வால்வும் குமிழும் எதுக்குன்னு அவருக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.

ஸாக் ஸாக்ன்றீங்களே, அத எப்படி செட் பண்றது?

நீங்க உக்காந்தா உங்க எடைக்கே சஸ்பென்ஷன் கொஞ்சம் உள்ள போகணும், அதுதான் ஸாக். பின்னாடி 25லேர்ந்து 30 சதவீதம், முன்னாடி 15லேர்ந்து 20 சதவீதம் வச்சு ஆரம்பிக்கலாம். கணக்கு சிம்பிள்: ஷாக்ல 210x55ன்னு போட்டிருந்தா ரெண்டாவது நம்பர்தான் ஸ்ட்ரோக், 55ல 30 சதவீதம் 16.5 எம்எம், ஓ ரிங் அங்க நிக்கணும்.

ஓட்டும்போது என்னென்ன மாட்டுவீங்களோ அத்தனையும் மாட்டிக்கிட்டு அளங்க. தண்ணிப் பை மட்டுமே ரெண்டு மூணு கிலோ வரும். ஷாக் பம்ப் கட்டாயம் வேணும், சாதாரண பம்ப்ல இந்த பிரஷர் ஏத்தறதெல்லாம் நடக்காது. அம்பது பிஎஸ்ஐ ஏத்தினதும் நிறுத்தி ஷாக்க பத்து தடவ அமுக்கி விடுங்க, உள்ள பாசிட்டிவ் அறை நெகட்டிவ் அறைன்னு ரெண்டு இருக்கு, அமுக்கினாதான் ரெண்டுக்கும் காத்து பிரிஞ்சு போகும், மீட்டர் முள்ளு இறங்கறது கண்ணுக்கே தெரியும். அப்புறம் மறுபடி ஏத்துங்க.

பம்ப்ப கழட்டும்போது புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும், பயப்படாதீங்க, அது பம்ப் ஹோஸ்ல இருந்த காத்து. ஆனா மறுபடி மாட்டிப் பாத்தா மீட்டர் கம்மியா காட்டும், ஏன்னா ஷாக்லேர்ந்து கொஞ்சம் காத்து ஹோஸ நிரப்பப் போயிடுது. "காத்து லீக் ஆகுது"ன்னு கடைக்கு ஓடினவங்கள்ல நானும் ஒருத்தன்.

டெஸ்ட் ரைட் குடுக்கறாங்க, பார்க்கிங்ல ரெண்டு ரவுண்டு அடிச்சா போதுமா?

சைஸ் சரியா இருக்கான்னு தெரியும், வேற எதுவும் தெரியாது. சமதளத்துல எழுந்து நின்னு மிதிச்சா எந்த ஃபுல் சஸ்ஸும் மேல கீழ ஆடத்தான் செய்யும், "இது ஆடுது"ன்னு நல்ல பைக்க விட்டுட்டு வந்தவங்கள எனக்குத் தெரியும்.

டெமோ பைக் ஒரு நாளைக்கோ வாடகைக்கோ கிடைச்சா எடுங்க. உங்க பெடல், உங்க ஷாக் பம்ப் கொண்டு போங்க, ஸாக் செட் பண்ணிட்டுத்தான் கிளம்பணும். உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாதையில ஒரே துண்ட மூணு தடவ ஓட்டுங்க, நடுவுல ஒரு விஷயத்த மட்டும் மாத்துங்க. டயர்ல என்ன காத்து இருக்குன்னும் பாருங்க, ரெண்டு மூணு பிஎஸ்ஐ வித்தியாசத்துல பைக்கோட குணமே மாறின மாதிரி இருக்கும்.

விபிபி, டிடபிள்யூ லிங்க், ஹார்ஸ்ட் லிங்க், சிங்கிள் பிவட், எது பெஸ்ட்?

இதெல்லாம் பின் சக்கரத்த ஃப்ரேமோட சேக்கற சஸ்பென்ஷன் டிசைனோட பேருங்க. இந்தச் சண்டை முப்பது வருஷமா நடக்குது. கொஞ்சம் பின்கதை தெரிஞ்சா சண்டையோட சூடு குறையும். ஹார்ஸ்ட் லிங்க்னு பேர் வந்தது ஹார்ஸ்ட் லைட்னர்ன்றவரால, பின் சக்கர ஆக்ஸிலுக்கு முன்னாடி, செயின்ஸ்டேல (செயின் பக்கத்துல பின் சக்கரத்துக்குப் போற குழாய்) ஒரு பிவட். அந்தப் பேட்டன்ட ஸ்பெஷலைஸ்ட் கம்பெனி வாங்கி வச்சிருந்துச்சு, அமெரிக்காவுல 2013 வாக்குல அது காலாவதியாச்சு, அதுக்கப்புறம் பாத்தா பல கம்பெனியும் அதையே போட ஆரம்பிச்சிட்டாங்க. டேவ் வீகிள்ன்ற டிசைனர் டிடபிள்யூ லிங்க் குடுத்தாரு, ஐபிஸ், பிவட் சைக்கிள்ஸ் மாதிரி கம்பெனிங்க லைசென்ஸ் வாங்கிப் போட்டாங்க, சான்டா குரூஸ் விபிபி பக்கம், ஜெயன்ட் மேஸ்ட்ரோன்னு பேர் வச்சுது. ஆக, யாரு எந்த டிசைன் போட்டாங்கன்றதுல பொறியியல் பாதி, வக்கீல் வேலை பாதி.

பேரை விட மூணு குணத்தக் கேளுங்க. ஒண்ணு ஆன்டி ஸ்குவாட், அதாவது நீங்க மிதிக்கும்போது பின்பக்கம் அமுங்காம செயின் இழுவையே தாங்கிப் பிடிக்கறது, இது நல்லா இருந்தா ஏத்தத்துல ஆட்டம் கம்மி. ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு, சஸ்பென்ஷன் உள்ள போகும்போது செயின் இறுகி பெடல பின்னாடி இழுக்கும், அதுதான் பெடல் கிக்பேக், பாறையில கால்ல தட்டற மாதிரி உணரலாம். 2015ல லியோகாங்ல நடந்த டவுன்ஹில் உலகக் கோப்பைல ஏரன் க்வின் ஸ்டார்ட்லயே செயின் அறுந்து போய், செயினே இல்லாம இறங்கி ஜெயிச்சாரு. அப்போலேர்ந்து "செயின் இல்லாம இருந்தா சஸ்பென்ஷன் இன்னும் நல்லா வேலை செய்யும்"ன்னு ஒரு கூட்டம் பேசிட்டே இருக்கு, அதுல கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா ஜெயிச்சது க்வின், செயின் இல்லாதது இல்ல.

ரெண்டாவது, லெவரேஜ். 150 எம்எம் டிராவலுக்கு 60 எம்எம் ஷாக்னா சராசரி 2.5, அதாவது ஷாக்ல 1 எம்எம்னா சக்கரத்துல 2.5. இந்த நம்பர் பெருசா இருந்து நீங்க கனமான ஆளாவும் இருந்தா ஷாக்ல எழுதியிருக்கற அதிகபட்ச பிரஷர் கிட்ட போய் நிக்க வேண்டியிருக்கும். மூணாவது, டிராவலோட கடைசில இறுகுதா இல்லையா. இறுகற டிசைன் பெரிய அடியில முட்டாது, காயில் (காத்துக்குப் பதிலா ஸ்பிரிங் இருக்கற) ஷாக்குக்கும் ஒத்துவரும்.

சிங்கிள் பிவட்ட யாராவது மட்டமா பேசினா கண்டுக்காதீங்க. பேரிங் கம்மி, வேலை கம்மி, சேத்துல ஓட்டுறவங்களுக்கு அது பெரிய விஷயம்.

சக்கரம் 29 இன்ச்சா 27.5ஆ?

இன்னைக்கு பெரும்பாலும் 29தான், இல்லன்னா முன்னாடி 29 பின்னாடி 27.5 போட்ட மல்லெட். 29 தடைய ஈஸியா தாண்டும், வேகத்த விடாது, 27.5 சட்டுனு திரும்பும், குள்ளமானவங்களுக்கு செங்குத்து இறக்கத்துல பின் டயர் உக்காருற இடத்துல உரசாது.

ஆனா இந்தக் கேள்விய நான் விடாததுக்குக் காரணம் இது. 2012 லண்டன் ஒலிம்பிக் மவுண்டன் பைக் ரேஸ்ல யாரோஸ்லாவ் குல்ஹாவி 29 இன்ச் ஃபுல் சஸ்பென்ஷன்ல தங்கம், நினோ ஷூர்ட்டர் 27.5 ஹார்ட்டெயில்ல வெள்ளி, வித்தியாசம் ஒரே ஒரு செகண்ட். ஷூர்ட்டர் ரொம்ப உயரம் இல்ல, 27.5தான் தனக்கு சரின்னு வருஷக்கணக்கா அதுலயே ஜெயிச்சிட்டிருந்தாரு. 2016ல 29க்கு மாறினாரு, அதுவும் ஃபுல் சஸ், ரியோவுல தங்கம். உலகத்துலயே பெரிய ஆளே நாலு வருஷத்துல மனச மாத்திக்கிட்டாரு. உங்க குரூப்ல யாரோ 2014ல முடிவு பண்ணின கருத்த இன்னும் பிடிச்சிட்டு இருக்காருன்னா தேதியக் கேட்டுக்கோங்க.

என் உயரத்துக்கு மீடியமா லார்ஜா?

எம், எல் எழுத்தப் பாக்காதீங்க, ரீச் நம்பரப் பாருங்க. ரீச்னா பாட்டம் பிராக்கெட்லேர்ந்து ஃப்ரேமோட முன் குழாய் மேல் முனை வரைக்கும் கிடைமட்ட தூரம், ஸ்டாக்னா அதே ரெண்டுக்கும் நடுவுல உயரம். ஒரு கம்பெனி லார்ஜ் ரீச் 475 எம்எம், இன்னொண்ணு 490. நின்னுக்கிட்டு இறங்கும்போது ஹேண்டில்பார் எவ்வளவு தூரத்துல இருக்கும்ன்றது ரீச்சும் ஸ்டாக்கும். உக்காந்து மிதிக்கும்போது இருக்கற நீளம் வேற, அது எஃபெக்டிவ் டாப் டியூப், அதுல சீட் டியூப் ஆங்கிளும் (சீட் குழாயோட சாய்வு) கலந்து வரும்.

பழைய ஆளுங்க சொல்ற சைஸ் இப்ப பொருந்தாது. பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி டிரெயில் பைக்ல ஹெட் ஆங்கிள் (முன் குழாயோட சாய்வு) 68, 69 டிகிரி சாதாரணம், இப்ப 64, 65, ஃப்ரேம் நீளமாச்சு, ஸ்டெம் (ஹேண்டில்பார பிடிச்சிருக்கற பாகம்) 80, 90 எம்எம்லேர்ந்து 40, 50க்கு வந்துடுச்சு. அவங்க சொல்ற "லார்ஜ்" இன்னைக்கு மீடியம்.

ரெண்டு சைஸுக்கு நடுவுல இருந்தா வேகமா நேரா இறங்கப் புடிச்சவங்க பெருசு, வளைஞ்சு நெளிஞ்சு விளையாடப் புடிச்சவங்க சின்னது. நான் சின்னதுதான் எடுத்தேன்.

கார்பனா அலுமினியமா?

அலுமினியம், காசுக்குக் கஷ்டம் இல்லன்னா கார்பன். ஒரு கணக்கு சொல்றேன். ஆளும் பைக்கும் சேந்து 90 கிலோன்னு வைங்க, 1 கிலோ குறைச்சா 1.1 சதவீதம், செங்குத்தா ஒரு மணி நேரம் ஏறுற ஏத்தத்துல மிச்சமாகறது சுமார் 40 செகண்ட். அந்த 40 செகண்ட் உங்களுக்கு என்ன மதிப்புன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. ஃப்ரேமுக்காக கூடுதலா போடற காச ஃபோர்க் டேம்பர், பிரேக், டயர் இதுல போட்டா வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

டயர்னதும் ஞாபகம் வருது, "இந்த பைக் ஓடவே மாட்டேங்குது"ன்ற கருத்துல பெரும்பங்கு டயரோட தப்பு. முன்னாடியும் பின்னாடியும் மெத்துன்னு ஒட்டற ரப்பர்ல, தடிமனான டவுன்ஹில் கேஸிங்ல டயர் போட்டு வந்தா எந்த பைக்கும் சேத்துல இழுக்கற மாதிரிதான் போகும்.

ஏர் ஷாக்கா காயிலா?

ஏர். எடைக்கு ஏத்த மாதிரி பம்ப்ல மாத்திக்கலாம், காயில்ல ஸ்பிரிங்கயே மாத்தணும். காயில் சின்ன அதிர்வுல ரொம்ப மெத்துன்னு இருக்கும், நீண்ட இறக்கத்துலயும் சூட்டுல குணம் அவ்வளவா மாறாது, ஆனா உங்க ஃப்ரேம் கடைசில இறுகற வகையான்னு பாத்துட்டு வாங்குங்க.

லாக்அவுட் கண்டிப்பா வேணுமா?

கிளைம்ப் லிவர், அதாவது ஷாக் ஆடாம இறுக்கிப் பிடிக்கற லிவர், இருந்தா தார் ரோட்டுல நல்லது. மறந்து போட்டுட்டே இறங்கி "ஐயோ அடிக்குது"ன்னு சொன்னவங்க லிஸ்ட்ல நான் ரெண்டு தடவ இருக்கேன்.

ரிவ்யூ பண்றவங்கள நம்பலாமா? அவங்களுக்கு பைக் சும்மா குடுக்கறாங்களே?

சும்மா குடுக்கறது எனக்குப் பெரிய கவலை இல்ல. கவலை வேற. அவங்க புது பைக்க ஓட்டுறாங்க, ரெண்டு மாசத்துல திருப்பிக் குடுக்கறாங்க, மூணாவது வருஷம் பேரிங் என்ன ஆகுதுன்னு அவங்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்ல. அடுத்தது, அவங்க நல்லா ஓட்டுறவங்க. பைக்கோட குறைய உடம்பாலயே சரிக்கட்டிட்டுப் போயிடுவாங்க, தனக்கே தெரியாம. அவங்க "கொஞ்சம் கவனம் தேவை"ன்னு ஒரு வரில தாண்டிப் போன இடத்துல நானெல்லாம் புதருக்குள்ள கிடப்பேன்.

ஆனா நல்ல ரிவ்யூல ரெண்டு விஷயம் தங்கம். தன் உயரம் எடை பிரஷர் எல்லாம் சொல்லிட்டு ஆரம்பிக்கறவங்க, அப்புறம் இதே வகையில வேற ரெண்டு பைக்கோட ஒப்பிட்டுச் சொல்றவங்க. "அத விட இது ஏத்தத்துல கொஞ்சம் நிமிந்து நிக்குது"ன்ற ஒரு வாக்கியம் "அட்டகாசமான பைக்"ன்ற பத்து வாக்கியத்துக்குச் சமம்.

செகண்ட் ஹேண்ட் எடுக்கலாமா?

தாராளமா, ஆனா கையால பாத்து எடுங்க. சீட்டப் பிடிச்சு பைக்க மெதுவா ரெண்டு சென்டிமீட்டர் தூக்குங்க. சக்கரம் தரைய விட்டு எழும்பறதுக்கு முன்னாடி விரல்ல ஒரு "டக்" தெரிஞ்சா ஏதோ ஒண்ணு லூஸ், ஷாக் புஷ்ஷா பிவட் பேரிங்கான்னு விரல ஒவ்வொரு ஜாயின்ட் மேலயும் வச்சுக்கிட்டே திருப்பித் தூக்கினா கண்டுபிடிச்சிடலாம், டிராப்பர் போஸ்ட் (சீட்ட ஏத்தி இறக்கற கம்பி) ஆட்டத்த இதோட குழப்பிக்காதீங்க. ஷாக்க கழட்டி பின்பக்கத்த கையால மேல கீழ ஆட்டிப் பாக்க விட்டா இன்னும் நல்லது, சொரசொரன்னு இல்லாம வழுக்கிட்டுப் போகணும். ஃபோர்க் ஸ்டான்ஷன்ல (உள்ள போய் வர்ற வழுவழுப்பான குழாய்) நகத்த ஓட்டுங்க, கீறல் நகத்துல மாட்டினா சீல் போகும், எண்ணெய் போகும்.

பின் ஆக்ஸில் அகலம் 148 எம்எம் பூஸ்ட்டா, பழைய 142வான்னு கேளுங்க. 2019ல ஸ்ராம் கம்பெனி கொண்டு வந்த யுடிஹெச் ஹேங்கர் (கியர் மாத்துற டிரெய்லர மாட்டுற பொதுவான துண்டு) இருக்கற ஃப்ரேம்னா பின்னாடி ஹேங்கர் வளைஞ்சா தேடி அலைய வேண்டாம். 26 இன்ச் சக்கரத்துல வர்ற பழைய பைக் அடிமட்ட விலைக்கு வந்தாலும் நல்ல டயர் தேடறதே வேலையாப் போயிடும்.

மெயின்டனன்ஸ் ரொம்ப ஆகுமா?

ஹார்ட்டெயில விட ஆகும், மறைக்கறதுக்கு இல்ல. சஸ்பென்ஷன் செய்யற கம்பெனிங்கள்ல ராக்ஷாக்ஸ் 50 மணி நேரத்துக்கு ஒரு தடவ ஃபோர்க் லோயரும் (கீழ்ப் பாதி) ஷாக் ஏர் கேனும் (காத்து இருக்கற குடுவை) சர்வீஸ் பண்ணச் சொல்றாங்க, ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது வருஷத்துக்கு ஒரு தடவன்றாங்க. மணி நேரம்னா ஓட்டுற நேரம், வாரம் நாலு மணி ஓட்டினா 50 மணி மூணு மாசத்துல வந்துடும். பிரஷர் வாஷர பேரிங் பக்கம் கொண்டு போகாதீங்க, கிரீஸ் வெளிய போயி தண்ணி உள்ள போகும். "ரெண்டு வருஷமா சர்வீஸே பண்ணல, சும்மா கில்லி மாதிரி ஓடுது"ன்னு பெருமையா சொல்றவர்கிட்ட சஸ்பென்ஷன் கருத்து கேக்காதீங்க, அவர்கிட்ட இப்ப சஸ்பென்ஷன் இருக்கான்றதே சந்தேகம்.

எடுத்தாச்சு. இப்ப கூட ஓட்டுறவங்க "இத ஏன் எடுத்த"ன்றாங்க. என்ன பண்றது?

முதல் ஆறு ஏழு ரைடுக்கு ஒரு பார்ட்டையும் மாத்தாதீங்க, கூட வர்றவங்க எல்லாரும் ஆளுக்கு ஒரு பார்ட் பேர் சொல்லுவாங்க. காத்தும் கிளிக்கும் மட்டும் மாத்துங்க, ஒரு நேரத்துல ஒண்ணு, மாத்தினத எழுதி வைங்க. என் போன்ல இருக்கற குறிப்பு இப்படி: பின்னாடி 178 பிஎஸ்ஐ, ஸாக் 16 எம்எம், ரீபவுண்ட் மூடினதுலேர்ந்து 8 கிளிக், டயர் முன்னாடி 22 பின்னாடி 25, "பெரிய பாறை இறக்கத்துல ஒரு தடவ முட்டுச்சு, அடுத்த வாரம் 182". இந்த நம்பர அப்படியே எடுத்து உங்க ஷாக்ல போட்டுட்டு வந்து என்னத் திட்டாதீங்க, அது 74 கிலோவுக்கு, என் ஃப்ரேமுக்கு.